ஒரு சொட்டும் சிந்தாத பாலம்

ஓவர்சியர் ஆசீர்வாதத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் வெள்ளியாற்றுத் தொங்கு பாலத்தின் நட்டநடுவில், அடிச்சட்டத்தின் மேல் உட்கார்ந்து, ஆற்றை நோக்கிக் காலைத் தொங்கவிட்டு, தலையில் ஈரத்துண்டும் கையில் ஒரு முழ நீள ஸ்பேனருமாக ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பங்குனி மாதம், காலை பதினொரு மணி. என்னைப் பார்த்ததும் ஸ்பேனரை உயர்த்திக் காட்டினார்.

"இன்னும் மூணே போல்ட்டு, லிங்கம். மணல் லாரியை மட்டும் கரையிலேயே நிறுத்திவையும்வே. அவன் கெட்ட வார்த்தை சொன்னாம்னா நீரும் ரெண்டு சொல்லும்."

நான் அந்தப் பாலத்தின் காவலாள். சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு கீழப்படுகைப் பக்கமாக நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பாலம் ஆதியில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆற்றின் இரு கரையிலும் இரண்டிரண்டு தூண்கள், தூண்களின் தலைவழியே இரண்டு வடங்கள், வடங்களிலிருந்து வரிசையாகத் தூக்குக் கம்பிகள், கம்பிகளின் நுனியில் பலகைத் தளம், அவ்வளவுதான். கால் வைத்த இடம் தாழும், வைக்காத இடம் எழும்பும், எழும்பிய இடத்தில் வருகிறவன் நம்மைக் குனிந்து பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போவான். அதனால் கீழப்படுகைக்கும் மேலப்படுகைக்கும் பொதுவாக ஒரு வழக்கம் இருந்தது. பாலத்தில் யாரும் யாரோடும் ஒரே தாளத்தில் நடக்கக் கூடாது. ஏறுகிறவன் "கால் மாத்து!" என்று கத்துவான், எதிரே வருகிறவன் "மாத்தியாச்சு!" என்பான். மேளக்காரர்கள் பாலத்தின் தலைப்பில் மேளத்தை நிறுத்திவிட்டு அக்கரையில் விட்ட இடத்திலிருந்து வாசிப்பார்கள். பாடை தூக்குகிறவர்களும் காலை மாற்றித்தான் போடுவார்கள், அதனால் எங்கள் ஊரில் செத்தவர்கள் எல்லோரும் போக மனமில்லாதவர்களைப் போலத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே சுடுகாட்டுக்குப் போனார்கள்.

பஞ்சாயத்து பிரசிடெண்ட் சங்கிலிபூதத்தான் தன் மகளைக் கட்டிக்கொடுத்தபோதுதான் அந்த வழக்கத்துக்குக் கேடு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் டவுன்காரர்கள். பாலத்தின் தலைப்பில் வைத்து பேண்டு வாத்தியத்தை நிறுத்தச் சொன்னேன். சம்பந்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "நாங்க டவுன்ல எந்தப் பாலத்துக்கும் வாயை மூடுனதில்ல" என்றார். அறுபது பேர் பேண்டு தாளத்துக்கு இடம், வலம், இடம், வலம் என்று நடந்தார்கள். நடுப்பாலம் வந்தபோது பாலம் ஒரு முறை நன்றாக மூச்சு இழுத்து விட்டது. சம்பந்தி மல்லாக்க விழுந்தார், அவருடைய பட்டு வேட்டி ஒரு தூக்குக் கம்பியில் மாட்டி, அவிழ்ந்து, பறந்து, ஆற்றோடு போயிற்று. அவர் கோடு போட்ட அண்டர்வேரோடு எழுந்து நின்றார். பேண்டுக்காரர்கள் தொழிலில் ஊக்கமுள்ளவர்கள், வாசிப்பை நிறுத்தவில்லை.

வேறு ஊராக இருந்தால் பாலத்தில் பேண்டு வாசிக்காதே என்று ஒரு பலகை எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில், பாலம் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டது என்று மனு எழுதி, இரண்டு கரையிலும் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அப்படி வந்தவர்தான் ஆசீர்வாதம். ஒல்லியான மனிதர், பேசும்போது விரலால் காற்றில் கணக்குப் போடுவார். டீக்கடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் விளங்கும்படி சொன்னார்: "ஒரு பாயை நாலா பக்கமும் கயிறு போட்டுத் தொங்கவிடுங்க. மேல ஒருத்தன் நின்னா அவன் நின்ன இடம் மட்டும் குழியும். அதே பாய்க்கு அடியில நீளவாக்குல ஒரு ஏணியைச் சேர்த்துக் கட்டுங்க. அவன் பாரத்தை ஏணி வாங்கி எல்லாக் கயித்துக்கும் பங்கு வச்சுக் குடுத்துரும். பாய் குழியாது. நான் பாலத்துக்கு இரும்புல ஏணி கட்டப்போறேன்."

கட்டினார். தளத்தின் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு இரும்புச் சட்டம், குறுக்குக் கம்பிகள் போட்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே விறைப்பாக. திறப்பு விழாவில் பாலத்தின் நடுவே ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் ஒரு வெள்ளி டம்ளரில் விளிம்பு தளும்பத் தண்ணீர் வைத்து, பக்கத்தில் கல் ஏற்றிய லாரியை ஓட்டிப்போனார்கள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. டவுனிலிருந்து வந்திருந்த சம்பந்தி, இந்த முறை வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தவர், முதலில் கைதட்டினார். அதே நேரத்தில் கரையில் விருந்துப் பந்தலில் பாயச அண்டா தானாகச் சாய்ந்து கொட்டியது. சமையல் பார்த்த தவசிப்பிள்ளைக்கு அடி விழுந்தது.

மறுநாளிலிருந்து ஊர் ஆடியது.

ஆள் பாலத்தில் ஏறினால் கரையில் ஆட்டம் லேசாக இருக்கும், மாட்டுவண்டி ஏறினால் கிணற்றுத் தண்ணீர் சுவரில் மோதும், லாரி ஏறினால் கீழப்படுகை தாழ்ந்து மேலப்படுகை எழும்பும், லாரி நடுவைத் தாண்டியதும் மேலப்படுகை தாழ்ந்து கீழப்படுகை எழும்பும். பாலம் மட்டும் பரீட்சை எழுதும் பிள்ளையைப் போல அசையாமல் நிற்கும். முதல் வாரம் பித்தம் என்றார்கள். இரண்டாம் வாரம் அம்மனுக்குக் கொடை கொடுக்காததால் என்று சொல்லி, கொடை கொடுத்தார்கள். சாமியாடிக்கு அன்றைக்கு வேலையே இருக்கவில்லை, நின்ற இடத்தில் நின்றார், ஊரே அவரைச் சுற்றி ஆடியது. மூன்றாம் வாரம் பழகிவிட்டது.

எதுவும் பழகிவிடும் என்பதில் எங்கள் ஊருக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. பானைகளை உறியில் கட்டினார்கள், கட்டிலைச் சுவரில் கட்டினார்கள், சோறு பரிமாறுகிறவள் லாரிச் சத்தம் கேட்டால் ரசத்தை நிறுத்தி வைத்து, லாரி நடுப்பாலம் தாண்டியதும் ஊற்றப் பழகினாள். தொட்டிலை ஆட்ட ஆள் வேண்டியிருக்கவில்லை. குடிகாரர்களும் குடிக்காதவர்களும் ஒரே மாதிரி நடந்ததால் பல வீடுகளில் சண்டை ஓய்ந்தது. அசையாமல் செய்யவேண்டிய வேலைகள் மட்டும் ஒவ்வொன்றாகப் பாலத்துக்கு வந்து சேர்ந்தன. நாவிதர் பாலத்தில் நாற்காலி போட்டார், பெண்கள் ஊசியில் நூல் கோக்கப் பாலத்துக்கு வந்தார்கள், நர்சம்மா தடுப்பூசியைப் பாலத்தில் வைத்துக் குத்தினாள், ஜாதகம் கணிக்கிறவர் கட்டம் போடப் பாலத்துக்கு வந்து, கட்டம் நேராக இருந்தாலும் பலன் ஆட்டமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊர்க்காரர்கள் டவுன் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், ஆடாத தரையில் நடக்கத் தெரியாமல் இரண்டு அடிக்கு ஒரு தரம் சறுக்குவார்கள். டவுன்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்களவர்கள் அதையும் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள்.

பாலம் விறைத்ததால் பாரம் தாங்கும் என்று ஆயிற்று, பாரம் தாங்கும் என்றதும் பூதத்தானின் மணல் லாரிகள் வந்தன, முதலில் நாளுக்கு நாலு, பிறகு பதினாலு, பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அவர் பழைய வீட்டை விட்டுவிட்டு, பாலத்து வடங்களின் முனையைப் புதைத்த பெரிய கல் கட்டடம் இருக்கிறதே, ஊரில் ஆடாத இடம் அது ஒன்றுதான், அதை ஒட்டி மாடி வைத்த வீடு கட்டிக்கொண்டார். ஆட்டத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "ஊரு ஆடுனா ஊர்க்காரன் பிடிச்சுக்கிடுவான். பாலம் ஆடுனா என் சம்பந்தி எப்படி வருவாரு?" என்று கேட்பார்.

பிடித்துக்கொள்ளத் தெரியாதது பள்ளிக்கூடத்துச் சுவர் ஒன்றுதான். கீழப்படுகையில் ஒரே அறை, ஓட்டுக்கூரை, முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு டீச்சர். டீச்சர் என் மனைவி செண்பகவடிவு. வடக்குச் சுவரில் மயிர்க்கோடு போல ஒரு விரிசல் விட்டதும் அவள் நோட்டுத் தாளைப் பட்டையாகக் கிழித்து, கஞ்சிப் பசை தடவி, விரிசலின் குறுக்கே ஒட்டி, தேதி எழுதி வைத்தாள். திங்கட்கிழமை ஒட்டியது வெள்ளிக்கிழமை நடுவில் கிழிந்திருந்தது. அடுத்தது புதன்கிழமையே கிழிந்தது. பட்டைகளை வரிசையாகச் சுவரில் விட்டுவைத்தாள். நான் ஆசீர்வாதத்தைக் கூட்டிப்போனேன். அவர் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"யாரும்மா இப்படி ஒட்டச் சொல்லிக் குடுத்தது?"

"யாரு சொல்லிக் குடுக்கணும் சார்? சுவரு வாய் திறக்குதான்னு பார்க்க வாயில ஒரு காகிதம் ஒட்டுனேன்."

"லாரி போகும்போதுதான் கிழியுதா?"

"லாரி போகும்போதுதான். உங்க பாலம் சும்மா நிக்குது சார், அது நிக்கறதுக்கு என் சுவரு கூலி குடுக்குது."

அவர் பிள்ளைகளோடு கடைசிப் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்து, ஒரு சிலேட்டை வாங்கி, பாலத்தை வரைந்தார், அழித்தார், வரைந்தார். மணி அடித்துப் பிள்ளைகள் போனபிறகும் உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்து, "தப்பு என்னோடதும்மா" என்றார். "ஆட்டம்னு ஒண்ணு இருந்தா அது எங்கேயாவது போயாகணும். நான் அது போக இடமே வைக்கல. சட்டத்தோட நடுவுல ஒரு கீல் வைக்கணும். நம்ம முழங்கையில இருக்கே, அந்த மாதிரி. பாரத்தையும் பங்கு வைக்கும், கொஞ்சம் மடங்கியும் குடுக்கும். ஒரு சாண் ஆடட்டுமே, என்ன இப்போ?"

"எப்ப சார் வைப்பீங்க?"

"எழுதிப் போடுதேன்."

"எழுதிப் போடுங்க. நான் காகிதம் ஒட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள் வடிவு.

எழுதிப் போட்டார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: புதிதாக விறைப்பூட்டிய பாலத்துக்குக் கீல் கேட்பது, புதிதாக விறைப்பூட்டிய பாலம் சரியில்லை என்று பொருள்படுவதால், அவ்வாறு பொருள்படாமல் திருப்பி எழுதவும். திருப்பி எழுதினார். அடுத்த பதில்: ஆடுவது ஊர் என்று தெரிகிறது, ஊர் இத்துறையின் சொத்துப் பட்டியலில் இல்லை. மூன்றாவது முறை எழுதியபோது, மூன்று அதிகாரிகள் கொண்ட ஒரு குழு ஜீப்பில் வந்து இறங்கியது. முதல் அதிகாரி கரையில் கால் வைத்ததும் வாந்தி எடுத்தார். அதனால் குழு மூன்று நாளும் பாலத்தின் மேலேயே நாற்காலி போட்டு, பாலத்திலேயே சாப்பிட்டு, நாவிதரிடம் முகச்சவரமும் செய்துகொண்டு ஆய்வு நடத்தியது. டம்ளர் வைத்துப் பார்த்தார்கள். சிந்தவில்லை. "பள்ளிக்கூடத்தை வந்து பாருங்க ஐயா, நூறடிதான்" என்று ஆசீர்வாதம் கையெடுத்துக் கும்பிட்டார். "இங்கிருந்தே தெரியுதே" என்று மூத்த அதிகாரி கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

குழுவின் பரிந்துரை இதுதான்: பாலம் மிகச் சிறப்பாக நிற்பதால், இன்னும் சிறப்பாக நிற்கும்படி, தூண்களின் உச்சியிலிருந்து சட்டத்துக்குச் சாய்வாக இழுகம்பிகள் கட்டலாம். இந்த யோசனையைத் தூண்டியவர் என்று ஆசீர்வாதத்துக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். வெயிலில் அந்தச் சால்வையோடு அவர் நின்றது எனக்குக் கண்ணில் இருக்கிறது. குழந்தையைப் பறிகொடுத்தவனுக்குப் பெயர்சூட்டு விழா நடத்தியது போல இருந்தது.

வடிவு யாருக்கும் எழுதிப் போடவில்லை. ஒரு நாள் காலை கரும்பலகையை இரண்டு பிள்ளைகள் தூக்க, மணியை ஒரு பிள்ளை தூக்க, முப்பத்தெட்டுப் பேரையும் வரிசையாக, காலை மாற்றி மாற்றி நடக்கச் சொல்லிப் பாலத்துக்குக் கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். ஒரு மாதம் நடத்தினாள். பிள்ளைகளின் கையெழுத்து நிமிர்ந்தது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள், அவள் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லவைத்தாள். பூதத்தான் ஊர்க்கூட்டம் போட்டார். பாலம் போக்குவரத்துக்கா, படிப்புக்கா என்று கேட்டார். ஊர் போக்குவரத்துக்கு என்றது. பிள்ளைகளைப் பெற்றவர்களும்தான் சொன்னார்கள்.

"டீச்சரம்மா, சுவரு நூறு வருஷமா நிக்குது" என்றார் ஒருவர்.

"இப்ப ஒரு வருஷமாத்தான் அண்ணாச்சி நடக்குது" என்றாள் வடிவு.

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே கையைத் தூக்கியது. பிள்ளைகள் மறுநாள் அறைக்குத் திரும்பினார்கள்.

இழுகம்பிகளைக் கட்டி முடித்த பிறகு ஊர் ஆடியது போதாதென்று உதறவும் தொடங்கியது. காகிதப் பட்டைகள் ஒட்டிய கையோடு கிழிந்தன. மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை ஏழு மணல் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பாலத்தில் ஏறின. வடக்குச் சுவர் பேசத் தொடங்கியதும் வடிவு பிள்ளைகளை வெளியே விரட்டி, வேலிக்கு அப்பால் நிறுத்தி, எண்ணினாள். முப்பத்தேழு இருந்தது. மறுபடியும் எண்ணினாள், முப்பத்தேழுதான். உள்ளே போனாள். முப்பத்தெட்டாவது பிள்ளை லாரி வேடிக்கை பார்க்கக் காலையிலேயே பாலத்தடிக்கு வந்துவிட்டிருந்தது. என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. எட்டாம் வாய்ப்பாடு தெரியாததால் வந்துவிட்டேன் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

சுவர் விழுந்ததற்கு அதன் வயதே காரணம் என்று அறிக்கை வந்தது. அன்று மாலை பாலத்தில் டம்ளர் வைத்துப் பார்த்ததாகவும் சிந்தவில்லை என்றும் அதில் கண்டிருந்தது.

வடிவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஆசீர்வாதம் என் வீட்டுக்கு வந்தார். சால்வையை மடித்துக் கொண்டுவந்திருந்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இனி எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல, லிங்கம். அடிச்சட்டம் நடுவுல ஒட்டுற இடத்துல பக்கத்துக்கு எட்டா பதினாறு போல்ட்டு. கழட்டிட்டா அதுவே கீலு."

"உங்களைப் பிடிச்சு உள்ள போடுவாங்க சார்."

"போடட்டும். நீர் காவலாள். நீர் என்ன செய்வீரு?"

யாரும் பாலத்தின் போல்ட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். பதினாறு போல்ட்டுக்கும் இரண்டு நாள் முன்பே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆக, நான் சிவப்புத் துணியோடு கரைக்கு வந்து, முதலில் வந்த லாரியை மறித்தேன். டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"எவன்யா அவன், நடுப்பாலத்துல உக்காந்து மீன் பிடிக்கான்?"

"ஓவர்சியர். போல்ட்டு கழட்டுதாரு."

"எதுக்கு?"

"கீல் வைக்க."

"கீலு வைக்க அது என்ன கதவாவே? தள்ளும்வே, நாலு நடை போகணும்."

நான் அவர் சொல்லிக்கொடுத்தபடி ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். அவன் பதிலுக்கு ஒன்று சொல்ல வாயைத் திறந்தான், திறந்த வாய் அப்படியே நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தான்.

நான் திரும்பியபோது பாலம் தனக்கு வரவேண்டியதை வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக ஆளும் மாடும் லாரியும் நடந்த ஆட்டம் அத்தனையும், அண்டாக்களிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் தொட்டில்களிலிருந்தும் கிளம்பி, இரு கரையின் வழியாகவும் பாலத்தில் ஏறி வந்தது. கல்லில் அடித்துத் துவைத்த சேலையை இரண்டு பேர் பிடித்து உதறுவது போலப் பாலம் ஒரு முறை எழுந்து விழுந்தது, இழுகம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து தெறித்தன, பிறகு சின்னதாக எழுந்தது, பிறகு இன்னும் சின்னதாக. பிறகு ஒரு சாண் அளவுக்கு ஆடிக்கொண்டு நின்றது. நடுவில் யாரும் இல்லை.

மூன்றாம் நாள் கீழே அணைக்கட்டு மதகில் அவரை எடுத்தார்கள்.

ஊர் அந்தக் கணமே நின்றது. நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் விழுந்தார்கள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் இலைக்கு ஒரு முழம் தள்ளி ஊற்றினாள். அன்றிலிருந்து பிள்ளைகள் தூங்கவில்லை, பெரியவர்களுக்குத் தலை சுற்றியது, குடிகாரர்கள் யார் என்று மறுபடியும் தெரிந்துபோயிற்று. பத்து நாளில் மனு தயாரானது: ஊருக்குச் சொந்தமான ஆட்டத்தை ஓவர்சியர் என்பவர் திருடிவிட்டார், அதைத் திரும்பப் பெற்றுத் தரவேண்டும். முதல் கையெழுத்து பூதத்தான். இந்த முறை நான் போடவில்லை, ஒரு கையெழுத்து குறைந்ததை யாரும் கவனிக்கவும் இல்லை. லாரிக்காரர்கள் ஆடுகிற பாலத்தில் ஏறமாட்டோம் என்று சொல்லி, பன்னிரண்டு மைல் சுற்றிப் போகத் தொடங்கினார்கள். செத்துப்போன ஆசீர்வாதத்தின் மேல் வழக்குப் போட்டு, அவர் என் வீட்டில் விட்டுப்போன சால்வையை ரசீது கொடுத்து எடுத்துப்போனார்கள்.

சட்டத்தை மறுபடியும் இணைக்க ஒரு தடவை ஆள் வந்தார்கள். இணைக்க வேண்டுமானால் பாலத்தில் குறை இருப்பதாக எழுதவேண்டும். இந்தப் பாலத்தில் குறையே கிடையாது என்று குழு எழுதிய அறிக்கை மேலே இருக்கிறது. அதை மாற்றாமல் இதை எழுத முடியாது, இதை எழுதாமல் அதை மாற்றக் காரணம் கிடையாது. வந்தவர்கள் பாலத்தில் நின்று, டம்ளரை வைத்து, சிந்தியதைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் யாரும் வரவில்லை.

நான் ஓய்வுபெற்று இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இப்போதும் போய்ப் பார்க்கிறேன். அவர் போல்ட்டுகளைக் கழற்றிய இடத்தில், அடிச்சட்டத்தின் இரண்டு முனைகளுக்கும் நடுவில், சித்திரை வெயிலில் ஒன்றேகால் அங்குலமும் மார்கழிக் குளிரில் ஒன்றேமுக்கால் அங்குலமும் இடைவெளி இருக்கிறது.